பதினாறா, முப்பத்திரண்டா

பையைக் கொடுத்திருக்கவே கூடாது. ஒண்டிப்புதூரில் ஏறினபோது முன்பக்க ஜன்னல் சீட்டிலிருந்த அம்மா ஒருத்தி "குடு கண்ணு, மடியில வெச்சுக்கறேன்" என்று கையை நீட்டினாள், கௌசிகாவும் தூக்கிக் கொடுத்துவிட்டாள். நிற்கிறவர்கள் உட்கார்ந்திருப்பவர்களிடம் பையைக் கொடுப்பதும், அவர்கள் யார் எவரென்று கேட்காமல் வாங்கி மடியில் வைத்துக்கொள்வதும் டவுன் பஸ்ஸில் மூச்சு விடுகிற மாதிரி, யாரும் யோசித்துச் செய்வதில்லை. அதற்கப்புறம் ஏறின கூட்டம் அவளைத் தள்ளித் தள்ளிப் பின்னால் கொண்டுபோய் ஒரு கம்பிக்கும் யாருடையதோ ஒரு முதுகுக்கும் நடுவில் சொருகிவிட்டது. பை அங்கே. அவள் இங்கே. பைக்குள் போன். போனுக்கு அந்தப் பக்கம், ராமநாதபுரத்து ஆபீஸில், கூட வேலை பார்க்கிற ஜெரால்டு அண்ணன், கம்ப்யூட்டரில் இரண்டு ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தைக்காக உட்கார்ந்திருக்கிறார். பதினாறா, முப்பத்திரண்டா. மத்தியானம் பன்னிரண்டுக்குள் சொல்லியாக வேண்டும். பஸ்ஸோ சிங்காநல்லூருக்கு முன்னால், பாலத்துக்காகத் தோண்டிப் போட்டிருக்கிற இடத்தில், நின்றது நின்றபடி நிற்கிறது. மணி என்ன ஆச்சு என்று தெரியவில்லை, மணி பார்ப்பதும் அந்தப் போனில்தான். கை மேலே கம்பியில் மாட்டிக்கொண்டிருக்கிறது, இறக்கினால் திரும்ப ஏற்ற இடம் கிடைக்காது. முன்னால் இருக்கிற முதுகு வேர்த்துச் சட்டையோடு ஒட்டிக்கொண்டு, அந்த ஈரம் சரியாக அவள் மூக்குக்கு நேரே. மல்லிகைப்பூ, டீசல், எவரோ கொண்டுபோகிற டிபனின் பருப்புக் குழம்பு, எல்லாம் கலந்து ஒரே வாடையாகி, அதைத்தான் இழுத்து விட வேண்டியிருக்கிறது.

ஏறுவதற்கு முன்னாலேயே அண்ணன் கூப்பிட்டார். "நீ வர்ற வரைக்கும் இருக்கணுமா கௌசி? எதுன்னு மட்டும் சொல்லு, அனுப்பிர்றேன்." "வந்து சொல்றேன்ணா." "வந்து சொல்றதுக்கு என்ன இருக்கு? ஓட்டிப் பார்த்தவ நீ. நீ சொல்றதுதான்." "வந்துட்டே இருக்கேன்ணா." அப்போதே சொல்லியிருக்கலாம். பதினாறு என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, காற்றெல்லாம் வீசிக்கொண்டிருந்தபோது, பதினாறுண்ணா, வெச்சிர்றேன்ணா என்று சொல்லிவிட்டு ஏறியிருந்தால் இந்நேரம் இந்த முதுகு வெறும் முதுகாக இருந்திருக்கும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று யோசித்தால் நேற்றுச் சாயந்திரம் வருகிறது, நேற்றுச் சாயந்திரம் வேண்டாம், அதை விடு. லூஸ் கனெக்‌ஷன். லூஸ் கனெக்‌ஷன்தான். ஜன்னல் ஏன் இவ்வளவு சின்னதாக வைக்கிறார்கள்? காற்று வரட்டும் என்று வைக்கிறார்களா, தலையை நீட்டிவிடக் கூடாது என்று வைக்கிறார்களா? சின்ன வயதில் காம்பவுண்ட் கேட்டுக் கம்பிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டாள். போகும்போது சுலபமாகப் போன தலை வரும்போது காதில் இடித்தது. அம்மா ஒரு கையால் தேங்காயெண்ணெயைக் காது மடலில் தடவிக்கொண்டே இன்னொரு கையால் முதுகில் சாத்தினாள். "நொழையறப்ப அறிவு எங்கடி போச்சு?" அந்த எண்ணெய் வாசம் இப்போது எங்கிருந்தோ வருகிறது. எவரோ தலைக்கு வைத்திருக்கிறார்கள்.

யாராவது கேட்டால் எப்படிச் சொல்வாள் என்று அவள் மனசுக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பதுண்டு, ஏனென்றால் எல்லோரும் கேட்கிறார்கள், பிளஸ் டூ முடித்துவிட்டுக் காலேஜ் போகாத பிள்ளையை இந்த ஊரில் யாரும் சும்மா விடுவதில்லை. மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ள வைக்கிற சின்னச் சில்லு ஒண்ணு பண்றோமுங்க. கிணத்துல தண்ணி வத்துனா மோட்டாரை நிறுத்தும், ஒரு ஃபேஸ் போனா நிறுத்தும். அப்புறம் பேரிங் தேய ஆரம்பிச்சா, மோட்டார் எரியறதுக்கு ரொம்ப முன்னாடியே சொல்லும், கரண்ட் ஏறி இறங்கற விதத்தை வெச்சே கண்டுபிடிக்கும். அந்தக் கடைசி வேலை இருக்கில்ல, அது மட்டும் நான் எழுதுனதுங்க. இவ்வளவு வரைக்கும் கேட்பார்கள். இதற்குமேல் சொன்னால் முகம் வேறு பக்கம் போய்விடும். இதற்குமேல்தான் விஷயமே இருக்கிறது. அந்தச் சில்லுக்குள்ளே இருக்கிற பிராசசர் இவர்கள் வரைந்ததில்லை. யாரோ நல்ல மனசுக்காரர்கள் வரைந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டுவைத்தது. கெடுத்துக்கொள்ளவும் செய்யலாம், அதை மட்டும் அவர்கள் எழுதிவைக்கவில்லை. பிராசசர் என்பது சொன்னதைச் செய்கிற ஒரு ஆள். சொல்கிற ஒவ்வொன்றும் ஒரு கட்டளை. ஒவ்வொரு கட்டளையையும் முப்பத்திரண்டு பிட் அகலத்துக்கு எழுதினால் எல்லாம் ஒரே அளவு, தொல்லை இல்லை, ஆனால் இடம் தின்னும். அடிக்கடி வருகிற சின்னச் சின்னக் கட்டளைகளைப் பதினாறு பிட்டில் சுருக்கி, பெரியதுகளை மட்டும் முப்பத்திரண்டிலேயே விட்டுக் கலந்து எழுதினால் இடம் மிச்சம். இவர்கள் அதற்குச் சுருக்கமாகப் பதினாறு என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். சில்லில் இவர்களுக்குக் கிடைத்திருப்பது நகத்துணுக்கு அளவு இடம், எங்கேயோ வெளிநாட்டு ஃபேக்டரியில் ஊர்ப்பட்ட பேருடைய சில்லுகளோடு சேர்த்து ஒரே தட்டில் அடித்துத் தருவார்கள், அவர்களுக்கு ஃபைலை அனுப்பத்தான் இன்றைக்குப் பன்னிரண்டு மணிக் கெடு. புரோகிராமையும் அதோடு சேர்த்தே பொறித்துவிடுவார்கள். அப்புறம் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. முப்பத்திரண்டு என்றால் புரோகிராம் முழுசாக உள்ளே போகாது, எதையாவது கழட்டி வெளியே போட வேண்டும். எதை? தண்ணீர் வற்றினால் நிறுத்துவதையா கழட்டுவார்கள்? ஃபேஸ் போனால் நிறுத்துவதையா? அவளுடையதைத்தான். பதினாறு என்றால் எல்லாம் போகும், அவளுடையதும் போகும். அவள்தான் அளந்து பார்த்தாள். அன்றைக்கு "பொருந்துதுண்ணா!" என்று அவள் கத்தின கத்தலில், கீழே பேக்கரியிலிருந்து ஆள் மேலே வந்து என்னாச்சு என்று கேட்டுவிட்டுப் போனான். ஜெரால்டு அண்ணன் முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தார். பப்ஸ் சூடாக இருந்தது. நாக்கு சுட்டது. அது நன்றாக ஞாபகமிருக்கிறது.

பின்னால் யாரோ அவள் காலை மிதித்துவிட்டு, ஸாரிகூடச் சொல்லாமல், மிதித்தபடியே நிற்கிறார்கள். இழுக்க இடமில்லை. சரி, இருக்கட்டும், கால்தானே. அம்மா இந்நேரம் வைண்டிங் செக்‌ஷனில் உட்கார்ந்திருப்பாள், மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற வேலை, விரல் நுனியெல்லாம் காய்ப்புக் காய்த்துச் சில சமயம் போனில் கைரேகை எடுக்காது. காலேஜ் வேண்டாம் என்று சொன்ன அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை. நாலு வருஷம் ரெக்கார்டு நோட்டில் படம் வரையணும், வேற என்ன சொல்லித்தரப் போறாங்க என்று இவள் கத்தினாள். அதில் பாதி உண்மை. மீதி உண்மை என்னவென்றால் வகுப்பில் உட்காரவே அவளால் முடியவில்லை, பெஞ்சில் மூன்றாவது ஆளாகச் சுவரோரம் மாட்டிக்கொண்டு, எழுந்து போகக்கூட ரெண்டு பேரை எழுப்ப வேண்டும் என்கிற நினைப்பிலேயே பாடம் போய்விடும். அம்மா கடைசியில் சத்தம் போடாமல் சொன்னாள். "ஒரு வருஷந்தான். அதுக்குள்ளார இது நான் பண்ணுனதுன்னு ஒண்ணை என்ற கைல காட்டோணும். இல்லீன்னா வாயத் தொறக்காமக் காலேஜுக்குப் போகோணும்." "காட்றேன்." "காட்டுவியா?" "காட்றேங்கறேன்ல." இதோடு போயிருந்தால் பரவாயில்லை. அம்மா போய் வைண்டிங் செக்‌ஷன் முழுக்கச் சொல்லிவைத்துவிட்டாள். நாம சுத்தற மோட்டாருக்குள்ள என்ற புள்ள எழுதுனது போகப்போவுதாக்கும். போன ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடையில் ஒரு அக்கா நிறுத்தி, "பேரிங் போறதை முன்னாடியே சொல்லிப்போடுமாமா? நல்ல காரியம் சாமி" என்று கன்னத்தைத் தடவினாள். கையில் அதே காய்ப்பு. சொரசொரவென்று. முப்பத்திரண்டு என்று சொன்னால் அந்தக் கை எங்கே போகும்? அந்தக் கைக்கு என்ன பதில் சொல்வது? தண்ணி வத்துனா நிக்குமுங்க்கா, ஃபேஸ் போனா நிக்குமுங்க்கா, அதெல்லாம் வேற ஆளு எழுதுனது, நான் எழுதுனதை எடுத்துட்டோமுங்க்கா. எடுக்கச் சொன்னதே நான்தானுங்க்கா.

அவளுக்குப் பக்கவாட்டில் ரெண்டு பேர் உட்காருகிற சீட். ஜன்னல் பக்கம் ஒரு பாட்டி, இந்தப் பக்கம் நைட்டிமேல் துண்டு போட்ட ஒரு அக்கா. அதற்குப் பின்சீட்டில் ஜன்னலோரமாக அந்த அக்காவின் தங்கச்சியோ நாத்தனாரோ ஒருத்தி. ரெண்டு பேருக்கும் சேர்ந்து இடம் கிடைக்காமல் ஒருத்தி முன் வரிசையின் கடைசியிலும் இன்னொருத்தி பின் வரிசையின் முதலிலுமாக மாட்டியிருக்கிறார்கள். முன்னால் இருக்கிறவள் பேச ஆரம்பிப்பாள், "அவளென்ன சொன்னா தெரியுமா" என்று, அப்புறம் திரும்பிப் பார்ப்பாள், பின்னால் இருக்கிறவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள், பாதிப் பேச்சு அப்படியே வாயில் நிற்கும். கௌசிகா அதைப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று கம்பியைப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். பிராசசர் ஒரு தடவைக்கு முப்பத்திரண்டு பிட்தான் எடுக்கும், ஒரு வரிசை. குட்டிக் கட்டளைகள் என்றால் ரெண்டு உட்காரும், பெரியது என்றால் ஒன்று. குட்டி ஒன்று முன்பாதியில் உட்கார்ந்து, அடுத்து ஒரு பெரியது வந்தால்? அது இந்த வரிசையில் பாதியும் அடுத்த வரிசையில் பாதியுமாகத்தான் உட்காரும். முதல் பாதியைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்த வரிசை வரும்வரை பிராசசர் பொறுமையாக நிற்க வேண்டும். அந்த நிற்கிற வித்தையைத்தான் இவர்கள் சொந்தமாக வரைந்து சேர்த்தார்கள். ஜெரால்டு அண்ணன் வரைந்தார், இவள் ஓட்டிப் பார்த்தாள். ஆரம்பத்தில் அது அடிக்கடி தொங்கியது, ஓட்டம் அப்படியே நின்றுபோனது. பிராசசர் எங்கிருந்தாவது தாவி வந்து அப்படி உடைந்து உட்கார்ந்திருக்கிற கட்டளையில் காலை வைத்தால், பாதியைப் பிடித்துக்கொண்டு மீதிக்காகக் காத்துக்கொண்டே செத்துப்போகும். அப்புறம் சரியாகிவிட்டது. சரியாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பரிசோதனைகள் எல்லாம் பச்சை. திரை முழுக்கப் பச்சைப் பச்சையாக வரிகள் இறங்கும்போது எவ்வளவு அழகாக இருக்கும்.

நேற்றுச் சாயந்திரம். சரி, வா, வந்துதான் தீருவாய். அண்ணன் கீழே டீ குடிக்கப் போயிருந்தார். அனுப்பப்போகிற புரோகிராமைக் கடைசியாக ஒரு தடவை, சில்லு மாதிரியே நடந்து காட்டுகிற சோதனை போர்டில் ஏற்றிப் பார்ப்போமே என்று, யாரும் சொல்லாமலே, ஆசைக்குத்தான், ஏற்றினாள். சின்ன லைட்டு ஒரு தடவை கண் சிமிட்டியது. அப்புறம் சிமிட்டவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வயரை அழுத்தினாள், ஸ்விட்சை அணைத்துப் போட்டாள், வழக்கமாக ஓட்டுகிற பரிசோதனையைத் தட்டினாள். ஓடியது. பச்சை, பச்சை, பச்சை. அண்ணன் படியேறி வருகிற சத்தம் கேட்டது. "என்ன, ஓடுதா?" "ஓடுதுண்ணா." பொய்யில்லை. ஓடிக்கொண்டுதான் இருந்தது. லூஸ் கனெக்‌ஷன். வயரை அழுத்தினதும் சரியாப் போச்சில்ல? அழுத்தினதால்தான் சரியாச்சா? ராத்திரி சாப்பிடும்போது அம்மா "ஏன்டி சோத்தைப் பெசைஞ்சுட்டே இருக்கே" என்றாள். ஒரு தடவைதானே. ஒரு தடவை நிற்காத எந்திரம் உலகத்தில் உண்டா? இதோ இந்தப் பஸ்கூட நிற்கிறது.

பஸ் ஒரு முழம் நகர்ந்து, குலுங்கி, திரும்ப நின்றது. எல்லோரும் ஒரே உடம்பாக முன்னால் சாய்ந்து ஒரே உடம்பாகப் பின்னால் வந்தார்கள். அவள் விலா எலும்பில் கம்பி இறங்கி ஏறியது. வெளியே இருந்து யாரோ கதவைத் தட்டி ஏறப் பார்க்கிறார்கள், கண்டக்டர் படியில் குறுக்கே கையை வைத்துக்கொண்டு, "ஏறாதீங், ஏறாதீங், பின்னால வண்டி காலியா வருது, அதுல வாங்" என்கிறார். வெளியே நிற்கிறவர் விடுவதாக இல்லை. "எத்தன வருசமா இதே சொல்றீங்? அந்தக் காலி வண்டிய ஒரு நாளாச்சும் கண்ல காட்டுங் பாக்கலாம்." உள்ளே இருந்து யாரோ சிரித்தார்கள். "அண்ணா, எடமிருக்கற வண்டி ஓடறதில்லீங்ணா, ஓடற வண்டியில எடமில்லீங்ணா, ரெண்டும் வேற வேற வண்டிங்ணா!" பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்தார். கௌசிகாவும் சிரிக்கப் போனாள், வாய் அரைகுறையாகத் திறந்தது, திறந்தபடியே நின்றுவிட்டது.

வேற வேற வண்டி. பொருந்துகிறது என்று எதை அளந்தாள்? ஓடுகிறது என்று எதை ஓட்டினாள்? ஆரம்பத்தில் தொங்கித் தொங்கி விழுந்தபோது, தற்காலிகமாக இருக்கட்டும் என்று பரிசோதனைக் கோப்பில் அவளேதான் ஒரு வரி போட்டாள்: பெரிய கட்டளை உடைகிற மாதிரி வந்தால், அதற்கு முன்னால் ஒரு வெற்றுக் கட்டளையைச் சொருகிவிடு. ஒன்றும் செய்யாதே என்கிற கட்டளை. சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு உட்காருவதுதான் அதற்கு வேலை. பெரியது அடுத்த வரிசையில் முழுசாக உட்காரும், உடையாது, தொங்காது. அந்த வரி அங்கேயே இருக்கிறது. மாசக்கணக்காக இருக்கிறது. அப்புறம் இடம் போதுமா என்று அளந்த அன்றைக்கு, இந்த வெற்றுக் கட்டளைகளெல்லாம் வீண் என்று அளவுக் கோப்பில் மட்டும் அந்த வரியைத் தூக்கினாள். பொருந்தியது. கத்தினாள். பப்ஸ் தின்றாள். ஆனால் ஓட்டுகிற கோப்பில் தூக்கவில்லை. பொருந்துகிற புரோகிராமை நேற்றுச் சாயந்திரம்தான் முதல் தடவையாக ஓட்டினாள், அது ஒரு சிமிட்டலில் செத்தது. ஓடுகிற புரோகிராம் உள்ளே பொருந்தாது. அவளும் அண்ணனும் மாசக்கணக்காக வேறு வேறு வண்டியைக் காட்டி ஒரே வண்டி என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். லூஸ் கனெக்‌ஷன் இல்லை. வயரை அழுத்தினதால் சரியாகவில்லை. ஒருநாளும் சரியாகவே இல்லை. உடைந்ததை யாரும் உடைந்த இடத்தில் மிதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். மூச்சு முட்டியது. இந்த முதுகு கொஞ்சம் நகர்ந்தால் என்ன? "அண்ணா, கொஞ்சம் தள்ளுங்ணா." "எங்கம்மிணி தள்றது? முன்னால பாரு, கண்ணாடியோட ஒட்டிட்டு நிக்கறாங்க."

யாருக்குத் தெரியும்? அந்த நினைப்பு வந்தபோது அது புதிதாக வந்த மாதிரியே இல்லை, காலையிலிருந்தே பக்கத்தில் நின்று வந்த ஆள் திரும்பி முகத்தைக் காட்டின மாதிரி இருந்தது. யாருக்கும் தெரியாது. பதினாறு என்று சொன்னால் அண்ணன் அனுப்பிவிடுவார், கை குலுக்குவார், கீழே போய்த் திரும்பவும் பப்ஸ். சில்லு அடித்து வரப் பாதி வருஷம் ஆகும். அதற்குள் காலேஜ் சேர்க்கையெல்லாம் முடிந்திருக்கும். அம்மா செக்‌ஷனில் சொல்லி முடித்திருப்பாள். வந்த சில்லு ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டு நின்றால், ஃபேக்டரிக்காரன் கெடுத்துட்டான் போல என்று அண்ணனே சொல்லுவார், அவர் அப்படித்தான், முதலில் வெளி ஆளைத்தான் திட்டுவார். அவள் எழுதினது உள்ளே இருக்கும். செத்த சில்லுக்குள், ஆனால் உள்ளே. என்ற புள்ள எழுதுனது. அம்மா விரலால் தடவிப் பார்ப்பாள், காய்ப்புக் காய்த்த விரலுக்கு அது தட்டுப்படக்கூடச் செய்யாது. முப்பத்திரண்டு என்றால் சில்லு ஓடும். தண்ணீர் வற்றினால் நிற்கும், எங்கேயோ ஒரு மோட்டார் எரியாமல் பிழைக்கும். அதில் அவள் இருக்க மாட்டாள். அவள் என்ன செய்தாள் என்று கேட்டால், ஒன்றும் செய்யாதே என்கிற கட்டளை மாதிரி, இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வழி இருக்க வேண்டுமே. இன்னும் ஒரு வாரம் கிடைத்தால் அந்த நிற்கிற வித்தையைச் சரியாக வரைந்துவிடலாம். ஒரு வாரம் கிடையாது. ஒரு மணி நேரம் கிடையாது. வேறு எதையாவது சுருக்கினால்? சுருக்கிச் சுருக்கித்தான் இங்கே வந்து நிற்கிறார்கள். சின்ன வயசுக் கேட்டுக் கம்பிதான். காது இடிக்கிறது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது, இந்தத் தடவை எண்ணெய் தடவ ஆளில்லை.

இன்னொன்றும் தெரிந்தது, அதுதான் எல்லாவற்றையும்விட மோசம். பையை ஏன் கொடுத்தாள்? எல்லோரும் கொடுக்கிறார்கள், சரி. போனைக் கையில் எடுத்துக்கொண்டு பையை மட்டும்தான் கொடுப்பார்கள். அவளும் தினமும் அப்படித்தான். இன்றைக்குப் போனைப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, அப்புறம் கொடுத்தாள். ஜிப்பை இழுத்த சத்தம்கூட இப்போது காதில் கேட்கிறது. பஸ் மாட்டிக்கொண்டது, போன் கைக்கெட்டவில்லை, பன்னிரண்டு தாண்டிவிட்டது, நான் என்ன செய்வேன் என்று சொல்லலாமே. அண்ணனே பயந்து எதையாவது அனுப்பட்டுமே. எதை அனுப்புவார்? பொருந்துதுண்ணா என்று கத்தினது யார் ஞாபகத்தில் இல்லை? பதினாறைத்தான் அனுப்புவார். வாயைத் திறக்காமலே பதினாறு என்று சொல்ல ஏறின பஸ் இது. யாரும் அவளை உள்ளே தள்ளவில்லை.

"ஏ கண்ணு! பச்சைச் சுடிதாரு!"

அத்தனை தலைகளுக்கும் மேலாக, பை வைத்திருந்த அந்த அம்மாவின் குரல் வந்தது. "உன்ற போன் கெடந்து துடிக்குது பாரு. எத்தன வாட்டி அடிக்கறது? மடியெல்லாம் நடுங்குது. எடுக்கட்டா?"

எடுக்காதீங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. வராததைச் சரி என்று எடுத்துக்கொண்டு அந்த அம்மா ஜிப்பை இழுத்துவிட்டாள்.

"அலோ. ஆமாங். புள்ள பின்னால கூட்டத்துல நிக்குதுங். நானா? நானு பஸ்ஸுல பை வெச்சிருக்கற ஆளுங். சொல்லுங் தம்பி." கேட்டுக்கொண்டாள். பிறகு போனைக் காதிலிருந்து எடுக்காமலே பின்பக்கம் பார்த்துக் கூவினாள். "பதனாறா முப்பத்திரெண்டான்னு கேக்கறாரு! பன்னெண்டுக்குள்ளார சொல்லியே ஆகோணுமாம்!"

"என்னுங்க்கா பதனாறு? பொண்ணுக்கு வயசா?" என்றார் யாரோ. "முப்பத்திரெண்டுன்னா மாப்பிள்ளை வயசு, வேண்டாம்னு சொல்லு அம்மிணி" என்றார் இன்னொருவர். சிரிப்பு. முன்னால் இருந்த முதுகு முதல் தடவையாகத் திரும்பி, ஒரு முகமாகி, அவளைப் பார்த்தது. நைட்டி அக்கா திரும்பிப் பார்த்தாள். பின்சீட்டுக்காரியும் பார்த்தாள். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அட சொல்லுமா, அவங்க கைல போன் எத்தன நேரம் இருக்கும்?" என்றார்.

"முப்பத்திரெண்டு." அவளுக்கே கேட்கவில்லை. கம்பியைப் பிடித்துக் குதிகாலில் எம்பிக் கத்தினாள். "முப்பத்திரெண்டுன்னு சொல்லுங்க!"

"முப்பத்திரெண்டாமுங்." ஒரு நிமிஷம் கேட்டாள். "ஏன்னு கேக்கறாரு! பதனாறு நல்லாத்தான ஓடுச்சுன்னு கேக்கறாரு!"

"ஓடல!" தொண்டை கிழிந்தது. "நேத்து தொங்கிருச்சு! பாதியில உடைஞ்சு வர்ற எடத்துல தொங்கும்! நாம ஓட்டுனது ஒண்ணு, அளந்தது ஒண்ணு! நேத்தே பார்த்தேன், நான்தான் சொல்லல!"

இதில் ஒரு வார்த்தைகூட யாருக்கும் புரிந்திருக்காது, ஆனால் கடைசி வார்த்தை எல்லோருக்கும் புரிந்தது. அந்த அம்மா ஒன்று விடாமல் போனுக்குள் சொன்னாள், மெதுவாக, குழந்தைக்கு மருந்து ஊட்டுகிற மாதிரி. "ஓடலியாமுங். நேத்து தொங்கிப்போச்சாமுங். பாதியில ஒடைஞ்சு வர்ற எடத்துலயாம். ஓட்டுனது ஒண்ணு, அளந்தது ஒண்ணாம். புள்ள நேத்தே பாத்துச்சாம், சொல்லலியாம்." அப்புறம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கே அண்ணன் திட்டுகிறாரா, கையைத் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறாரா, அந்தக் கோப்பைத் திறந்து அந்த வரியைப் பார்க்கிறாரா, எதுவும் தெரியாமல் கௌசிகா அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் கொஞ்சம் மாறியது.

"அப்படீன்னா உன்றது போயிருமாமா கண்ணு. நீ எழுதுனத எடுத்துப்போடோணுமாம். எடுக்கட்டுமான்னு கேக்கறாரு."

வேறு யாராவது வந்து சொல்ல மாட்டார்களா என்று ஒரு கணம் நினைத்தாள். இத்தனை பேர் இருக்கிறார்கள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எடுக்கட்டும்."

கத்தவில்லை. கத்தாமலே அது போய்ச் சேர்ந்தது. அந்த அம்மா உடனே சொல்லவில்லை. போன்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு, "நெசமாத்தான் சொல்றியா?" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். கௌசிகா தலையை ஆட்டினாள். அந்த அம்மா போன்மேலிருந்து கையை எடுத்தாள்.

"எடுக்கட்டுமாமுங். ஆனாத் தம்பி, புள்ள மூஞ்சி சரியில்லீங். எதுக்கும் இன்னொருக்காக் கேட்டுப்போட்டு எடுங்."

"கேக்க வேணாம்! போனை வெச்சிருங்க!"

பஸ் குலுங்கிக் கிளம்பியது. குழியைத் தாண்டிப் பின் சக்கரம் ஏறி இறங்கும்போது எல்லோரும் தூக்கிப் போடப்பட்டு, விழும்போது கொஞ்சம் மாறி விழுந்தார்கள். அந்த மாறலில் அவள் கால் விடுபட்டது. விரலெல்லாம் மரத்துப்போயிருந்தது. பை அந்த அம்மா மடியிலிருந்து கிளம்பித் தலைகளுக்கு மேலாகக் கை மாறிக் கை மாறி வந்துகொண்டிருந்தது. ராமநாதபுரம் இன்னும் தூரம். அங்கே அண்ணன். சாயந்திரம் வீட்டில் அம்மா. பை வந்ததும் முதலில் யாரைக் கூப்பிடுவது என்று அவள் யோசிக்கவில்லை, தெரியும். வைண்டிங் செக்‌ஷனில் வேலை நேரத்தில் போன் எடுக்க விடமாட்டார்கள், அம்மா எடுக்கிற வரைக்கும் அடிக்க வேண்டியதுதான். பை நைட்டி அக்கா கைக்கு வந்தது. அவள் அதை நீட்டினாள்.

கௌசிகா கம்பியிலிருந்து கையை இறக்கினாள்.